பேரலையை அளத்தல்

எமது பாகூர்க் கொம்யூன் நெற்கழனிகளாற் சிறந்ததாயினும், நரம்பை, மூர்த்திக்குப்பம், பனித்திட்டு முதலிய கடற்கரையூர்களையும் உடையது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிற்று. அன்றெழுந்த அலையின் உயரம் யாதென வினவினேன். ஒருவர் தென்னையளவென்றார், மற்றொருவர் பனையளவென்றார். அவர்களைக் குறைகூறேன். அவ்வேளையில் அளவுகோல் ஏந்தி நிற்பார் யாவர்?

மனிதன் நிற்கலாகாத அவ்விடத்தே நங்கூரமிட்ட மிதவை நிற்கும். அஃது அலையோடு ஏறியிறங்குங்கால், அதனகத்துள்ள கருவி வேகமாறுதலைக் குறிக்கும். அதினின்று உயரத்தைக் கணிப்பர். எழுந்த அலைகளுள் உயர்ந்த மூன்றிலொரு பங்கினை எடுத்து, அவற்றின் சராசரியையே அலையுயரமென அறிவிப்பர்.

இங்கே நாம் கருதவேண்டுவதொன்றுண்டு. தனியலையொன்று அச்சராசரியினும் இருமடங்கு உயர்தல் கூடும். 1995-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், நார்வேயை அடுத்த வடகடலில், திராப்னர் என்னும் எரிவாயு மேடையருகே எழுந்த அலை 25.6 மீட்டர், அப்போதைய சராசரியோ ஏறக்குறைய 12 மீட்டரே.

ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் நம் மீனவர்க்கும் அலையறிவிப்பு விடுக்கின்றது. ‘நான்கு மீட்டர்’ என்று கேட்கும் மீனவர், எட்டு மீட்டரும் வரக்கூடுமென உணர்தல் வேண்டும். அதனை அவர்க்கு எடுத்துரைத்தல் கற்றோராகிய நம் கடனாம்.