மகாபலிபுரத்துக்குக் காரா, பஸ்ஸா?

செங்கல்பட்டிலிருந்து குழந்தை குட்டிகளோடு மகாபலிபுரம் கிளம்பலாம் என்றாலே வீட்டில் வாதம் ஆரம்பித்துவிடும். "ஒரு டாக்ஸி வெச்சுக்கோயேன்" என்பார் மாமியார். "பஸ் இருக்கும்போது எதுக்கு?" என்பார் வீட்டுக்காரர்.

சிற்பங்கள் மட்டும் போதுமென்றால் வீட்டுக்காரர் பக்கமே நியாயம். திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர்தானே! அர்ச்சுனன் தபசும் கடற்கரைக் கோயிலும் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். ஐந்து ரதத்துக்கு மட்டும் ஆட்டோ பிடியுங்கள். கோயிலில் வாங்கிய டிக்கெட்டே அங்கும் செல்லும், தூக்கி எறிந்துவிடாதீர்கள். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட்டே வேண்டாம். வெள்ளை போர்டு டவுன் பஸ் கிடைத்தால் 2021-லிருந்து நமக்கும் இலவசம்!

வடநெம்மேலி முதலைப் பண்ணையும் உண்டு என்றால் கணக்கே வேறு. 1976-ல் ஆரம்பித்த பண்ணை; மகாபலிபுரத்துக்கு வடக்கே சுமார் 14 கிலோமீட்டர். கைக்குழந்தை, வெந்நீர் ஃபிளாஸ்க், மாற்றுத்துணி, முழங்கால் வலிக்கார மாமியார்... இத்தனையோடு உச்சிவெயிலில் பஸ்ஸுக்கு நிற்க முடியுமா, சொல்லுங்கள்! அன்றைக்குக் கார்தான். ஏறுமுன்பே வெயிட்டிங் சார்ஜ், டிரைவர் பேட்டா, பார்க்கிங் எல்லாம் பேசி முடித்துவிடுங்கள். இறங்கும்போது பேசினால் பர்ஸ் காலி. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், பண்ணைக்கு விடுமுறை.