வெடித்த சட்டமும் துருவாத உலோகமும்

உலோகமும் களைப்படையும் என்பது பலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஒரு பாரத்தை ஒரு முறை தாங்கிய குழாய், அதனையே இலட்சம் முறை தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு தடவையும், மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் குழாயைச் சிறிதளவு வளைத்து நிமிர்த்துகின்றன. இவ்வளைவுகள் எண்ணிக்கையிற் பெருகும்போது ஏதோ ஒரு மூட்டின் ஓரத்தில் மயிரிழை போன்ற கீறல் ஒன்று தோன்றுகின்றது. அது நெடுங்காலம் மெல்ல வளர்கின்றது. பின்னர் ஒரு நாள் ஒரே கணத்தில் முடிவு காண்கின்றது.

வடமராட்சியின் கரையோரக் கிராமம் ஒன்றில் வாழும் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவரின் றலிச் சைக்கிளில் அத்தகைய கீறல் ஒன்று காணப்பட்டது. கைபிடியைத் தாங்கும் முன்மூட்டுக்குச் சற்றுக் கீழே, சாய்ந்த குழாயின் அடிப்புறத்தில், பூச்சைப் பிளந்துகொண்டு துருநிறக் கோடு ஒன்று ஓடியிருந்தது. அவ்விடத்திற் சட்டம் முறிந்தால் ஓட்டுபவர் முன்னோக்கியே வீழ்வார். எழுபது வயதைக் கடந்த ஒருவருக்கு அவ்வீழ்ச்சி எதனைக் குறிக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அவ்வண்டியை அவர் 1974 இல் வாங்கினார். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய காலமாகையால் அன்றே அது பழைய வண்டிதான். 1990 இல் வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை வந்து எரிபொருள் அரிதான பின்னர், அதுவே பாடசாலைக்கும் சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் சென்றது. மின்சாரம் இல்லாத இரவுகளில் அதன் பின்சக்கரத்தைச் சுழற்றி, டைனமோவின் துணையால் வானொலிச் செய்தி கேட்டனர். 1995 இல் இடம்பெயர்ந்து வந்த உறவினரின் மூட்டைகளையும் அது சுமந்தது. களைப்படைய அதற்கு உரிமை உண்டு.

செய்தி அறிந்த மகன் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். அவரும் சைக்கிளோட்டி, தைத்தேனியச் சட்டம் பூட்டிய வண்டியொன்றைப் பல ஆண்டுகளாக வைத்திருப்பவர். “அப்பா, அதைப் போல ஒன்றை உங்களுக்கு அனுப்புறன். கடற்கரைக் காற்றுக்குத் துருப்பிடிக்காது. உங்கட காலம் முழுக்க நிக்கும்” என்றார்.

இது வெறும் பாசப்பேச்சன்று. உருக்கின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 7.8 கிராம், தைத்தேனியத்தினது 4.5 கிராம். அலுமினியம் இவ்விரண்டினும் இலேசானது. எனினும், சிறு வளைவுகள்கூட அதிற் களைப்பைச் சேர்த்துக்கொண்டே போகும். உருக்கும் தைத்தேனியமும் ஒரு குறித்த எல்லைக்குட்பட்ட வளைவுகளை நீண்டகாலம் பொறுக்கவல்லவை. உப்புக்காற்றோ தைத்தேனியத்தைத் தீண்டுவதில்லை. அதன் மேற்பரப்பில் தானாகவே படியும் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் அதனைக் காக்கின்றது. சைக்கிள்களுக்குப் பயன்படும் கலப்புலோகம், நூற்றுக்கு 3 பங்கு அலுமினியமும் இரண்டரைப் பங்கு வனேடியமும் சேர்ந்தது. அது விமானங்களின் திரவக் குழாய்களுக்கென உருவாகிப் பின்னர் சைக்கிளுக்கு வந்தது.

ஆசிரியருக்கு அவ்வுலோகம் அந்நியமானதன்று. 1791 இல் இங்கிலாந்தின் கோண்வாலில் வில்லியம் கிறெகர் என்னும் மதகுரு கரிய மணலில் அதனைக் கண்டார் என்பதையும், 1795 இல் ஜேர்மனிய இரசாயனவியலாளர் கிளப்ரொத், கிரேக்கப் புராணத்துத் தைத்தன்களின் பெயரை அதற்குச் சூட்டினார் என்பதையும் அவர் வகுப்பறையிற் கற்பித்தவர். அத்தகைய கரிய மணல் திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டைக் கரையிலும் செறிந்து கிடக்கின்றது. அதிலுள்ள இல்மனைற்றும் உரூத்தைலும் தைத்தேனியத்தின் தாதுக்கள். 1957 இல் கனிப்பொருள் மணலுக்கெனக் கூட்டுத்தாபனம் ஒன்று நிறுவப்பட்டது. எனினும் மணல் பிரித்தெடுக்கப்பட்டுக் கப்பலேறியதேயன்றி, இந்நாட்டில் உலோகமாகவில்லை.

மணலிலிருந்து உலோகத்துக்குச் செல்லும் வழி நெடியது. தாதுவைக் குளோரீனுடன் சேர்த்து ஒரு திரவமாக்க வேண்டும். காற்றுப் புகாத கலத்தில் உருகிய மகனீசியத்தால் அதனைத் தாழ்த்திக் கடற்பஞ்சு போன்ற உலோகத்தைப் பெற வேண்டும். அதனை வெற்றிடத்தில் உருக்கி வார்க்க வேண்டும். லக்சம்பேர்க்கைச் சேர்ந்த குறோல் வகுத்த இம்முறைக்கு 1940 இல் அமெரிக்காவிற் காப்புரிமை கிடைத்தது. தாது அரிதன்று, அதனை உலோகமாக்கும் வழியே அரிது. ஆயிரம் டொலரைத் தாண்டும் சட்டத்தின் விலையிற் பெரும்பங்கு வழிக்கும் வேலைக்கும் உரியது, மணலுக்குரியது அற்பம்.

இவ்வளவும் அறிந்த ஆசிரியர் உடனே இசையவில்லை. முதலாவது தடை பொருத்தம் பற்றியது. பழைய றலியின் மிதியச்சுக் கிண்ணங்களில் அங்குலத்துக்கு 26 புரிகள். பிற ஆங்கிலச் சட்டங்களில் 24. அதன் 28 அங்குலச் சக்கரமும் கம்பிப் பிறேக்கும் இக்காலச் சட்டத்திற் பொருந்தமாட்டா. சட்டத்தை மாற்றினால் வண்டி முழுவதையும் மாற்றியாக வேண்டும்.

இரண்டாவது தடை இன்னும் ஆழமானது. தைத்தேனியமும் மூட்டுகளில் வெடிப்பதுண்டு. சூடேறிய தைத்தேனியம் காற்றிலுள்ள ஒட்சிசனையும் நைதரசனையும் உறிஞ்சி நொறுங்குந் தன்மை அடைகின்றது. ஆகவே குழாயின் உள்ளும் புறமும் ஆகன் வாயுவால் மூடியே அதனை ஒட்டவேண்டும். ஒட்டு வெள்ளியாகவோ இளவைக்கோல் நிறமாகவோ இருந்தால் நன்று. நீலமும் சாம்பலும் காற்றுப் புகுந்தமைக்குச் சான்று. ஊர்ச் சைக்கிள் கடையில் இருப்பவை ஒட்சிசன், அசற்றலீன் உருளைகளும் பித்தளைக் கம்பியுமே. உருக்குக்கு அவை போதும். தைத்தேனியத்துக்கு அவற்றாற் பயனில்லை.

அக்கடைக்காரர் கீறலை நகத்தாற் தடவிப் பார்த்துத் தம் வருமானத்துக்கு எதிராகவே பேசினார். “ஒட்டலாம் மாஸ்ரர். ஆனா குழாய் உள்ளுக்கும் துருவிப் போச்சு. ஒட்டின இடம் நிக்கும், பக்கத்திலை வெடிக்கும். உங்களை இதிலை ஏத்திவிட எனக்கு மனமில்லை.” பழைய சக்கரங்களையும் பிறேக்கையும் ஏற்கக்கூடிய உருக்குச் சட்டமொன்றை இந்தியாவிலிருந்து எடுப்பித்து, மிதியச்சை மட்டும் புதிதாக்கித் தரலாம் என்பது அவர் யோசனை. ஆசிரியர் அதற்கே உடன்பட்டார். பாரம் கூடியது; துருப்பிடிப்பது; ஆயினும் வெடித்தாற் சந்திவரை உருட்டிச் சென்று ஒட்டுவிக்கலாம்.

மகன் இதனைக் கேட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “அந்த அண்ணைக்குப் பிறகு ஆர் அப்பா ஒட்டுவினம்?” என்று வினவினார். கடைக்காரருக்கு வயது அறுபதுக்கு மேல். அவருடைய பிள்ளைகள் வேறு தொழில்களுக்குச் சென்றுவிட்டனர். கடையில் வேலை பழகுவார் எவருமில்லை. ஆசிரியரிடம் விடை இருக்கவில்லை. “அவர் இருக்குமட்டும் எனக்குக் காணும்” என்று மட்டும் சொன்னார்.

அவருக்குக் காணும், ஊருக்குக் காணுமா என்பதே வினா. ஒரு பொருள் நீடித்து நிற்பது அதன் உலோகத்தால் மட்டும் நிகழ்வதன்று. அதன் நோயை அறிந்து தீர்க்கும் கைகள் அருகே இருத்தலாலும் நிகழ்வது. துருவாத உலோகத்தின் மணல் நம் கரையிற் கிடக்கின்றது. அதனை ஆளும் கைகள் இங்கு உருவாகவில்லை. துருவும் உலோகத்தை ஆளும் கைகள் உருவாகியிருந்தன. அவற்றை நாம் பேணவில்லை. இரசாயனத்தைப் பரீட்சைக்கும் ஒட்டுவேலையைப் படியாதவருக்கும் என வகுத்துவைத்த கல்வி இவ்விரு இழப்புகளுக்கும் பொறுப்பேற்க வேண்டும். புதிய சட்டம் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை உருக்கின் தரத்தைக் கொண்டு ஒருவாறு கணிக்கலாம். அது முதன்முறை வெடிக்கும் நாளிற் சந்தியில் அக்கடை திறந்திருக்குமா என்பதை எந்தச் சூத்திரத்தாலும் கணிக்க இயலாது. அது, அத்தொழிலைப் பழக இன்று எவரேனும் முன்வருவதைப் பொறுத்தது.