நாலாவது சனிக்கிழமை

வங்கி ஊழியர் வீட்டுக் காலண்டரே தனி ரகம். மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள்தான் வங்கிக்கு விடுமுறை. அந்த இரண்டு நாட்கள் மட்டும் பேனாவால் வட்டமிடப்பட்டிருக்கும். மனைவி தனியார் பள்ளியில் டீச்சர். மாதம் முழுக்கத் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் இந்த இரண்டு சனி ஞாயிறுகளின் தலையில்தான் விழும். மதுரை திருநகரில் வாடகைக்குக் குடியிருக்கும் இந்தத் தம்பதிக்கும் அதே கதை.

இந்த நாலாவது சனிக்கிழமைக்கான பட்டியல் வெள்ளி இரவே ஃப்ரிட்ஜ் கதவில் ஏறிவிட்டது. மிக்ஸி ஜார் ஒழுகுகிறது, புஷ் மாற்ற வேண்டும். கீழமாசி வீதியில் மளிகை. தைக்கக் கொடுத்த பிளவுஸ். சாயங்காலம் ஆனையூரில் அவன் அம்மா. ஞாயிறு காலை ஐயர் பங்களாவில் கிரகப்பிரவேசம். கடைசியில், 'வில்லாபுரம், அப்பா வீடு (நேரம் இருந்தால்)'. அடைப்புக்குறிக்குள் இருந்தது அவன் கையெழுத்து. அவள் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாவுக்கும் அதையேதான் போனில் சொன்னாள். "நேரம் இருந்தா வர்றோம்ப்பா."

சனிக்கிழமை பறந்தது. மிக்ஸி கடைக்காரர் சொல்லும் 'பத்து நிமிஷம்' எந்தக் கடிகாரத்திலும் இல்லாத பத்து நிமிஷம். அங்கேயே ஒரு மணி நேரம் போச்சு. புது மண்டபத்தில் இருந்த டெய்லர்கள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறி நாளாகியும், பழக்கதோஷத்தில் அவள் கால் முதலில் புது மண்டபத்துப் பக்கமே திரும்பியது. பிளவுஸில் கொக்கி வைக்கவில்லை. வைத்துத் தரும்வரை நின்றார்கள். கோரிப்பாளையம் நெரிசலைத் தாண்டி ஆனையூர் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. மாமியார் ஊற்றிய ஆறு தோசையில் நாலு மகனுக்கு. அங்கே மூன்று மணி நேரம்.

ஞாயிறு கிரகப்பிரவேசத்தில் காலை டிபனோடு கிளம்பினார்கள். இன்னொரு வீடு, இன்னொரு ஈஎம்ஐ கதை. திரும்பும் வழியில் மணி ஒன்று. பசி.

"அப்பா பாவம், ஒண்டி ஆளு. அவருக்கு எதுக்குச் சிரமம்? சாப்பிட்டே போயிரலாம்" என்றாள் அவளே. சிம்மக்கல் பக்கம் ஒரு மெஸ்ஸில் கறி தோசை. கனமான தோசை மேல் முட்டை, அதன் மேல் மட்டன் கறி. ஒன்றைத் தின்றாலே வயிறு மூடிவிடும், அவன் ஒன்றரை தின்றான். வழியில் விளக்குத்தூணில் ஜிகர்தண்டா. பைக் மேல் சாய்ந்து குடித்ததில் நன்னாரி சர்பத் அவன் சட்டையில் சொட்டியது.

வில்லாபுரத்தில் வண்டியை நிறுத்தும்போதே வாசல்வரை மசாலா வாசம். பக்கத்து வீடாக இருக்கும் என்று நினைத்தாள். இல்லை.

"வாங்க மாப்ள, கை கழுவுங்க" என்றார் அப்பா. மூன்று இலை விரித்திருந்தது. விடிகாலையிலேயே போய் மட்டன் எடுத்துவந்து, செல்போனில் வீடியோ பார்த்துக் குழம்பு வைத்திருக்கிறார். அம்மா இருந்தவரை அந்த அடுப்பில் வெந்நீர்கூட வைக்காத மனுஷர்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

குழம்பில் உப்பு ஒரு கை கூடுதல். கறி இன்னும் ஒரு விசில் வெந்திருக்கலாம். "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் பதிலுக்காகக் கரண்டியோடு நின்றார். "நல்லா இருக்குப்பா" என்றாள், தலையை நிமிர்த்தாமல். அவன் இரண்டாம் முறையும் சோறு வாங்கினான். பெல்ட்டைத் தளர்த்தியதை அவள் மட்டும் பார்த்தாள்.

இலை எடுத்தபிறகு அப்பா அவன் சட்டையைக் காட்டினார். "என்ன மாப்ள, விளக்குத்தூண் வழியாவா வந்தீங்க?"

அவன் விழித்தான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"தெரிஞ்சேவாப்பா பரிமாறினீங்க?"

"வாசல்லயே தெரிஞ்சுபோச்சு. நேரம் இருந்தா வர்றோம்னுதானே சொன்ன. வருவீங்களோ மாட்டீங்களோன்னு நானும் சாப்பிடாமதான் இருந்தேன்."

அரை மணி நேரத்தில் கிளம்புவதாக இருந்தவர்கள் விளக்கு வைக்கும்வரை இருந்தார்கள். மிச்சக் குழம்பைத் தூக்குச்சட்டியில் ஊற்றி, மூடியைச் சுற்றித் துணி கட்டிக் கொடுத்தார். அதை வண்டியில் மாட்டிக்கொண்டே அவன் சொன்னான்:

"அடுத்த ரெண்டாவது சனிக்கிழமை காலையிலேயே வந்துர்றோம் மாமா. மட்டன் நான் வாங்கிட்டு வர்றேன்."

"வேணாம் மாப்ள. உங்க முகத்தைப் பார்த்தா எலும்பாப் போட்டு ஏமாத்திருவான்" என்றார் அவர்.