குமிழிக்குள் இருப்பது எதன் ஆக்சிஜன்?

பள்ளியில் ஹைட்ரில்லா சோதனையைப் பார்க்காதவர்கள் குறைவு. பீக்கர் நீரில் பாசிக்கொத்து, அதன்மேல் கவிழ்த்த புனல், புனல் காம்பின்மேல் நீர் நிரம்பிய சோதனைக் குழாய். வெயிலில் வைத்தால் வெட்டிய தண்டு முனையிலிருந்து குமிழிகள் கிளம்பும். ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் வேகம் கூடும். சோடா கொடுப்பது கார்பன் டை ஆக்சைடு. அப்படியானால் ஆக்சிஜனும் அதிலிருந்துதானே வரவேண்டும்? பாடநூலோ ‘நீரிலிருந்து’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அந்த வரியின் மூலத்தைத் தேடிப் போனேன்.

புதினாக் கொத்து கெட்ட காற்றை மீட்கிறது என்று 1771இல் பிரீஸ்ட்லி கண்டார். பச்சைப் பாகமும் வெயிலும் இருந்தால்தான் அது நடக்கும் என்று 1779இல் இங்கென்ஹவுஸ் காட்டினார். பிறகு நூறாண்டுக்கும் மேலாக, இலை கார்பன் டை ஆக்சைடைப் பிளக்கிறது என்பதே பெரும்பாலோர் எண்ணம். கணக்கும் அவர்கள் பக்கம்தான். பாடநூல் சமன்பாட்டில் 6 கார்பன் டை ஆக்சைடு, 6 நீர். வெளியேறும் 6 ஆக்சிஜன் மூலக்கூறுகளுக்கு 12 அணுக்கள் வேண்டும். நீரிடம் இருப்பது ஆறே ஆறு!

முடிச்சை அவிழ்த்தது செடியே அல்ல. ஆக்சிஜன் விடாத ஊதாக் கந்தக பாக்டீரியா. இந்தத் தேடலில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் சேற்றில், ஹைட்ரஜன் சல்பைடை வைத்துப் பிழைக்கும் உயிர் அது. ஒளியின் துணையோடு அதிலிருந்து ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டு, மிஞ்சும் கந்தகத்தைச் செல்லுக்குள் மணிமணியாகச் சேர்க்கும். கார்பன் டை ஆக்சைடையும் அது உண்கிறது, ஆனால் ஆக்சிஜன் வருவதில்லை. 1930களின் தொடக்கத்தில் வான் நீல் இதிலிருந்து ஊகித்தார்: அங்கே சல்பைடிலிருந்து கந்தகம் மிஞ்சுகிறது என்றால், செடியில் நீரிலிருந்து மிஞ்சுவது ஆக்சிஜன்.

சோடாவின் புதிர் கேம்பிரிட்ஜில் தீர்ந்தது. ராபின் ஹில் 1937இல் பசுங்கணிகங்களை இலையிலிருந்து பிரித்தெடுத்து, கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் இரும்பு உப்பைக் கொடுத்தார்; ஆக்சிஜன் வந்தது. நீரிடமிருந்து பறித்த எலக்ட்ரான்களை வாங்க ஓர் ஆள் தேவை, அவ்வளவுதான். வாங்குகிறவர் பெருகினால் குமிழியும் பெருகும்.

நேரடிச் சான்று 1941இல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்தது. ரூபனும் கேமனும் கனமான ஆக்சிஜன்-18 கலந்த நீரைக் குளோரெல்லா பாசிக்குக் கொடுத்தார்கள். வெளிவந்த வாயுவிலும் அதே கனம். கனத்தைக் கார்பனேட்டில் வைத்துக் கொடுத்தபோது வாயுவில் அது ஏறவில்லை. இரண்டே ஆண்டில் ரூபன், போர்க்கால ஆய்வில் ஃபாஸ்ஜீன் வாயு தாக்கி, 29 வயதில் இறந்தார்.

அந்த 12 அணுக்கள்? உண்மையில் உள்ளே போவது 12 நீர், திரும்பி வருவது 6. பாடநூல் இருபுறமும் அடித்துச் சுருக்கிவிடுகிறது. நீரைப் பிளக்கும் இடத்தில் நான்கு மாங்கனீசு, ஒரு கால்சியம் அணுக்கள் அமர்ந்திருப்பதை 2011இல் ஜப்பானியர்கள் துல்லியமாகப் படமெடுத்தார்கள். அங்கே இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் எப்படி இணைகின்றன என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வழக்கு ஓடுகிறது.