பதில் சொல்லும் சாளரம்

வேலை நீளலாம், வாய் அடைத்துப்போகலாகாது. மதுரையிலிருந்து வந்து பெங்களூரில் கணிப்பொறியியல் பயிலும் நான் கண்ட நிரல் அறம் இது.

இந்நகரின் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ. ஜி. இராமகிருஷ்ணன் குழுவினர் தமிழ் அச்செழுத்தை உணரும் மென்பொருள் ஆக்கினர். பார்வையற்றோர்க்குப் பிரெய்லி நூல்கள் ஆக்க அது உதவியது. எழுத்துணர்தல் நொடியில் முடிவதன்று. 300 பக்க நூலை எழுத்தெழுத்தாக ஆராய வேண்டுமன்றோ?

சாளரத்தை வரைவதும் விசைகளுக்குச் செவிகொடுப்பதும் ஒரே செயலிழையின் கடமை. நீண்ட பணியையும் அதன் தலையில் ஏற்றினால், அழுத்திய விசைகள் காத்துக் கிடக்கும். சில நொடியில் விண்டோஸ், ‘பதிலளிக்கவில்லை’ என்று எழுதிவிடும். கண்ணுடையோர் படித்தறிவர். திரைபடிப்பானை நம்பும் என் விடுதி நண்பருக்கோ வெறும் மௌனம்! “தம்பி, ஓடுகிறதா, நின்றுவிட்டதா, பார்த்துச் சொல்” என்பார். தாமே செய்யவல்லவர் பிறர் கண்ணை இரப்பதா?

அவருக்கென எழுதிய சிறு நிரலில் எழுத்துணரியைப் பின்னணி இழையில் வைத்தேன். அது சாளரத்தைத் தொடாது. பக்கந்தோறும் செய்தி மட்டும் அனுப்பும். முதன்மை இழை அதைத் திரைபடிப்பானுக்கு உரைக்கும். ‘நிறுத்து’ என்றால், எடுத்த பக்கத்தை முடித்து ஓயும். மொத்த நேரம் குறையவில்லை. ஆயினும் “112ஆம் பக்கம்” என்று கேட்டதும் நண்பர் கவலையின்றித் தேநீர் அருந்தப் போனார்.

நிரல் எழுதும் தோழர்களே, உங்கள் படைப்பை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு இயக்கிப் பாருங்கள்!