எய்தல்

துப்பாக்கிக்குச் சுடுதல், வில்லுக்கு எய்தல் என்று தமிழ் வினைகளைப் பிரித்து வைத்திருக்கிறது. வைட்ஃபீல்டில் வார இறுதிகளில் வில்வித்தை பழக வருவோரிடையே இரண்டுக்கும் ‘ஷூட்’ என்ற ஒரே சொல்தான் வழங்குகிறது. சொல் ஒன்றாகும்போது எதிர்பார்ப்பும் ஒன்றாகிவிடுகிறது போலும். மென்பொருள் நிறுவனத்தில் வேலை; காம்பவுண்ட் வில்லேந்தி மான் வேட்டைக்குப் போகும் அமெரிக்கர்களின் காணொளிகளில் பிறந்த ஆர்வம். புதிதாக வருவோரில் சிலர் இப்படித்தான் வருகிறார்கள். முதல் நாளே கேட்டும் விடுகிறார்கள்: “எத்தனை மாசத்துல வேட்டைக்குப் போகலாம், சார்?”

கேள்விக்கு விடை கிடைக்குமுன் கையில் கிடைப்பது 18 முதல் 24 பவுண்டு இழுவிசை கொண்ட எளிய ரீகர்வ் வில். உடற்பயிற்சிக் கூடத்தில் தேறியவருக்கு இது அவமதிப்பாகவே தோன்றும். ஆனால் 40 பவுண்டு வில்லை இழுக்க முடிவது வேறு. இழுத்த நிலையில் தோள் நடுங்காமல் நிறுத்த முடிவது வேறு. அதற்கும் முன்பே, இரு கண்களில் எது ஆளும் கண் என்று பார்த்தாக வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ளவர்க்கும் இடக்கண் ஆள்வதுண்டு. முழங்கையைச் சற்றே வெளிப்புறம் திருப்பாவிட்டால் நாண் முன்கையில் அறைந்து கன்றிப்போகும். அம்பு தொடுக்காமல் நாணை இழுத்து விடுவது பெரும்பிழை. அம்போடு போக வேண்டிய ஆற்றல் வில்லுக்குள் திரும்பி அதையே பிளந்துவிடக்கூடும். நாணிழுத்த கை ஒவ்வொரு முறையும் தாடையின் அதே இடத்தில் வந்து நிற்க வேண்டும். பத்து மீட்டர் தொலைவில் சில அம்புகள் எய்து, விசில் கேட்டபின் நடந்துபோய்ப் பிடுங்கி வருவதே பல வாரப் பாடம். அம்பு என்றும் அறாத அம்பறாத்தூணி காவிய வீரர்களுக்கு மட்டும் வாய்த்தது.

‘எய்த அம்பு’ என்னுமிடத்தில் ‘எய்த’ பெயரெச்சம். ‘இலக்கை எய்த’ என்னுமிடத்தில் அது ‘எய்து’ என்ற வேறொரு வினையின் எச்சம். எழுத்துகள் ஒன்றே. புதியவருக்கு இரண்டுக்கும் இடையே பத்து மீட்டர்.

வேட்டை பற்றிய விடை 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, அதன் அட்டவணைகளில் உள்ள விலங்குகளை வேட்டையாடுவது குற்றம். சொற்பொருளில் ஈடுபாடுள்ளவர்கள் அதன் வரையறைப் பிரிவை ஒருமுறை படிக்கலாம். கொல்லுதல் மட்டுமன்று, பிடித்தல், விரட்டுதல், கண்ணி வைத்தல், இரை வைத்து ஈர்த்தல், இவற்றுக்கான முயற்சி, பறவை முட்டைகளைச் சேதப்படுத்துதல் எல்லாமே அங்கே வேட்டைதான். குறி தவறிய அம்பும் வேட்டையே. வெறுங்கையோடு திரும்பியவனுக்கு வேட்டை கிடைக்கவில்லை என்பது ஊர்ப்பேச்சு. சட்டத்தின் முன் அவன் வேட்டையை முடித்துவிட்டான்.

வைட்ஃபீல்டுக்காரருக்கு இது ஒரு பொழுதுபோக்கின் ஏமாற்றம். வேட்டையால் வாழ்ந்த குடிகளுக்கு அப்படியன்று. ராஜஸ்தானின் பழங்குடிச் சிறுவன் லிம்பா ராம், மூங்கில் வில்லால் பறவைகளையும் சிறு விலங்குகளையும் வேட்டையாடிப் பழகியவர். 1987இல் இந்திய விளையாட்டு ஆணையத்தின் திறன் தேடலில் தேர்வாகி, மறு ஆண்டே சியோல் ஒலிம்பிக்கில் வில்லேந்தினார்; 1992இல் பார்சிலோனாவிலும் 1996இல் அட்லாண்டாவிலும் பங்கேற்றார். காட்டில் குற்றமாகிவிட்ட ஒரு பழக்கத்தின் விளைச்சலைத்தான் ஆணையம் தேடிப்போய் அறுவடை செய்தது. இந்த முரணைப் பற்றி விளையாட்டுப் பக்கங்கள் அதிகம் பேசுவதில்லை. நகரத்துப் புதியவர் இலக்குப் பலகையின் முன் நின்று காட்டைக் கனவு காண்கிறார்; லிம்பா ராம் வந்த வழி நேர் எதிரானது.

அந்த வழியின் தடம் தமிழ் நிலத்திலும் உண்டு. புறநானூற்றில் வன்பரணர் பாடிய வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்துச் செல்கிறது. அந்த ஐந்தும் இன்று சட்டத்தின் அட்டவணைகளில் இருக்கின்றன. ஆடிப் பதினெட்டையொட்டிக் கொல்லிமலையில் ஓரிக்கு எடுக்கப்படும் விழாவில் வில்வித்தைப் போட்டி நடக்கிறது. அங்கும் அம்பு தைப்பது பலகையில்தான்.