மீஞ்சூரில் ஒரு குடித்தனம்

ஊர் ஊராகப் பெட்டி படுக்கையைக் கட்டுகிற உத்தியோகம் என் கணவருக்கு. மதுரைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த நான், கல்யாணமாகிப் பத்து வருஷம் மேட்டூரில் குடித்தனம் பண்ணினேன். அப்புறம் அவருக்கு அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துக்கு மாற்றலாகி, மீஞ்சூரில் வீடு பிடித்தோம். "மெட்ராஸ் பக்கமா? கொடுத்து வைத்தவள்!" என்றார்கள் சிநேகிதிகள். மீஞ்சூர் மெட்ராஸும் இல்லை, பட்டிக்காடும் இல்லை. கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் சென்ட்ரலிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். எண்ணூரைத் தாண்டியதும் ஒரு பக்கம் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் உப்பங்கழி. காற்றிலேயே உப்பு வாசனை வரும்.

ஊருக்கு 'வடகாஞ்சி' என்று ஒரு பெயர் உண்டு. காஞ்சிபுரத்தைப் போலவே இங்கேயும் ஏகாம்பரநாதரும் வரதராஜப் பெருமாளும் கோயில் கொண்டிருக்கிறார்கள். கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்து காதில் விழும். மாமியாருக்குக் கோயில் கிடைத்துவிட்டது, பிள்ளைகளுக்கு ரயில் பார்க்கக் கிடைத்துவிட்டது. எனக்குக் கிடைத்தது தண்ணீர்க் கவலை!

பருப்பு வேகாத தண்ணீர்

வந்த முதல் வாரமே துவரம்பருப்பு அடுப்பில் கிடந்து அடம் பிடித்தது. குக்கரில் ஆறு விசில் விட்டும் கல் கல்லாக நின்றது. சோப்பு நுரைக்கவில்லை, குழாய் மூக்கில் வெள்ளையாக உப்பு பூத்தது. பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்: "போர் தண்ணியில பருப்பு வேகாதும்மா. குடிக்கிற தண்ணியில போட்டுப் பாரு, மலர்ந்துடும்."

இது எங்கள் வீட்டுக் கிணற்றின் குணம் மட்டும் இல்லை. ஒரு காலத்தில் மீஞ்சூர் வட்டாரம் நல்ல தண்ணீருக்குப் பேர் போனது. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பாய்கிற மணற்பாங்கான பூமி. 1960களின் கடைசியிலிருந்து சென்னைக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் இங்கே ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு இறைத்தார்கள். வயலுக்கும் இறைத்தார்கள். பூமிக்குள் நல்ல தண்ணீர் இருந்து அழுத்தினால்தான் கடல் அந்தப் பக்கமே நிற்கும். இறைத்து இறைத்து அந்த அழுத்தம் குறைந்ததும், கடல் மெள்ள அடியில் நுழைந்து பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010-ல் தொடங்கியது. ஒரு நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் திறன். அதற்கு மீஞ்சூர் நிலையம் என்றுதான் பேர். தண்ணீர் போவதென்னவோ சென்னைக்கு!

என் மாமியாருக்கு ரத்த அழுத்தம் உண்டு. உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டிப்பு. சமையலில் நான் உப்பைக் குறைத்துவிட்டுத் தண்ணீரில் சேர்த்தால் என்ன பிரயோசனம்? அதனால் வீட்டில் மூன்று தண்ணீர் என்று பிரித்துக்கொண்டேன். குடிக்கவும், சோறு பருப்பு வேகவைக்கவும் குடிநீர் மட்டும். பாத்திரம், துணி, வீடு கழுவப் போர் தண்ணீர். மழைத் தண்ணீர் தனி. முதல் மழையில் மாடியைக் கழுவி விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து வடிகட்டித் தொட்டியில் பிடிக்கிறேன். தலைக்குக் குளிக்க அதுதான். கூந்தல் பட்டாக இருக்கிறது. தொட்டி நிறைந்து வழிவது கிணற்றுப் பக்கம் பூமிக்குள் இறங்கும். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேமிப்புக் கட்டாயம் என்று வந்ததே, அந்தக் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று உங்கள் வீட்டிலும் ஐப்பசிக்கு முன்னால் ஒரு தடவை பாருங்கள்.

மீன்கார ஆயாவின் பாடம்

மதுரைக்காரிக்கு அயிரை மீன் குழம்பு தெரியும். மேட்டூரில் அணை மீன் பழக்கமாயிற்று. கடல் மீனும் கழி மீனும் இங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன். சொல்லிக் கொடுத்தவர், காலையில் தலையில் அன்னக்கூடையோடு தெருவுக்கு வரும் மீன்கார ஆயா.

"இன்னா கண்ணு, மேலால பாத்தா இன்னா தெரியும்? செவுளைத் தூக்கிப் பாரு. செவப்பா இருந்தா எடு, வெளுத்துப் போச்சுன்னா வுட்டுடு. கண்ணு முழிச்சினு இருக்கணும். விரலால அமுக்கு, குழி விழுந்தா மேல வரணும்."

மடவை, கிழங்கான், கொடுவா, கெளுத்தி எல்லாம் அவரால் அறிமுகம். மடவைக்குப் புளி தூக்கலாக வேண்டும். கிழங்கான் பூப்போல இருக்கும், குழந்தைகளுக்கு முள் எடுத்துக் கொடுப்பது சுலபம். இறாலை வாங்கினால் முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை ஊசியால் இழுத்து எடுத்துவிட வேண்டும்.

நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு கொடுத்தால் பால் ஊறும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம்தான். ஆனால் இன்றைய வைத்தியம் வேறு சொல்கிறது. சுறா பல காலம் வாழ்ந்து மற்ற மீன்களைத் தின்று வளர்வதால், அதன் சதையில் பாதரசம் சேர்ந்துவிடுகிறது. அது சிசுவின் மூளை, நரம்பு வளர்ச்சிக்கு ஆகாது. கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் சுறாவைத் தவிர்ப்பது நல்லது. மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்தபோது ஆயாவே வழி காட்டினார்: "சொறா இல்லாட்டி இன்னா, காரப்பொடி போடு. அதுவும் பெத்தவளுக்கு ஆவுறதுதான்." சின்ன மீனில் அந்தப் பாதரசப் பயமும் குறைவு. மாமியார் சமாதானமானார். வழக்கமும் நின்றது, குழந்தைக்கும் பயம் இல்லை!

காரப்பொடிப் பூண்டுக் குழம்பு

காரப்பொடி கால் கிலோ, பூண்டு 15 பல், சின்ன வெங்காயம் 10, மிளகு, சீரகம் தலா 1 டீஸ்பூன், தனியா 2 டீஸ்பூன், மஞ்சள் தூள் சிறிது, நெல்லிக்காய் அளவு புளி, நல்லெண்ணெய் 2 மேஜைக்கரண்டி, கறிவேப்பிலை, உப்பு.

தலை, குடல் நீக்கிய மீனை மண்சட்டியில் கல் உப்புப் போட்டு உரசி, நாலைந்து தடவை அலசவும். மிளகு, சீரகம், தனியாவை வெறும் சட்டியில் வறுத்து அரைக்கவும். எண்ணெயில் கறிவேப்பிலை, பூண்டு, வெங்காயத்தை நன்றாக வதக்கி, அரைத்த விழுது, மஞ்சள் சேர்த்துப் புளித்தண்ணீர் விடவும். பச்சை வாசனை போய் எண்ணெய் மேலே வந்ததும் மீனைப் போட்டு, சின்னத் தீயில் ஏழெட்டு நிமிஷம் வைத்து இறக்கவும். கரண்டி போட்டுக் கிளறாமல் சட்டியைத் துணியால் பிடித்துச் சுற்றவும். இல்லாவிட்டால் மீன் உடைந்துவிடும்.

ஓலை பேசும் ஊர்

இந்த மீனெல்லாம் வருகிற பழவேற்காட்டைப் பார்க்க வேண்டாமா? மீஞ்சூரிலிருந்து ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன் பொன்னேரி. அங்கே பஸ் ஏறினால் திருப்பாலைவனம் வழியாக ஏரிக்கரையில் இறக்கிவிடுவார்கள். ஏரி என்றால் நம் ஊர் ஏரி இல்லை. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கிற உப்பங்கழி. இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கிற ஸ்ரீஹரிகோட்டா தீவிலிருந்துதான் ராக்கெட் விடுகிறார்கள். பனிக்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்குவது கண்கொள்ளாக் காட்சி.

போர்த்துக்கீசியர்களுக்குப் பிறகு டச்சுக்காரர்கள் வந்து 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். இந்தப் பக்கத்துத் துணிகளை வாங்கிக் கப்பலேற்றியது அவர்களுடைய முக்கிய வியாபாரம். கோட்டை போய்விட்டது. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்களோடு இன்னும் நிற்கிறது.

எனக்குப் பிடித்தது ஓலைப் பின்னல். முஸ்லிம் தெருக்களில் பல வீடுகளில் பெண்கள் திண்ணையிலும் கூடத்திலும் உட்கார்ந்து பெட்டி, கூடை, விசிறி என்று முடைகிறார்கள். பனங்குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாகக் கிழித்து, சாயம் கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள். முடைவதற்கு முன் மறுபடி தண்ணீர் தெளித்து ஈரப்படுத்த வேண்டும். "ஈரம் போயிட்டா ஓலை நம்ம பேச்சைக் கேக்காதும்மா, பட்டுனு முறிஞ்சிடும்" என்றார் ஒரு அக்கா. பேசிக்கொண்டே இருந்தார், விரல் நிற்கவில்லை. அடுப்பில் சோறு, மடியில் பேரன், கையில் பெட்டி! வாசற்படி தாண்டாமல் அவர் சம்பாதிக்கிற காசு அது. ஆனால் ஒரு பெட்டிக்கு அரை நாள் உழைப்பு. வாங்க வருகிறவர்களோ பிளாஸ்டிக் டப்பா விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசுகிறார்கள். "அடுத்து யார் முடைவா? எம் பொண்ணு கம்பெனி வேலைக்குப் போறா" என்று சொன்னபோது அவர் முகத்தில் வருத்தமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது.

சீட்டில் இல்லாத பெயர்கள்

ஏரியில் மீன் பிடிக்க இங்கே 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் எந்தக் குப்பத்தார், யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துக் கொள்கிறார்கள். சண்டை இல்லாமல் பங்கு போட்டுக்கொள்ள முன்னோர் கண்ட அழகான வழி. அந்த முறையில் பங்கு ஆண்களுக்குத்தான். வந்த மீனைத் தரம் பிரிப்பது, கருவாடு போடுவது, தெருத்தெருவாக விற்பது பெண்கள்.

அந்தச் சீட்டுக்கே வெளியில் நிற்கிறவர்கள் இருளர் பெண்கள். இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்கில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். கை இரண்டும் வேலையாக இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொள்கிறார்கள். கிளிஞ்சல் கிழித்த விரல்கள். இறால் கூறு பேரம் பேசும்போது அந்த விரல்கள் எனக்கு ஞாபகம் வருகின்றன.

கோடையில் கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் மூடிவிட்டால், கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வர வழியில்லை. ஏரித் தண்ணீரும் வற்றி உப்புக் கரித்துப் போகிறது. அப்போது முதலில் கை வெறுமையாவது கரையோரம் துழாவுகிற இந்தப் பெண்களுக்குத்தான். முகத்துவாரத்தைத் தூர்வாரித் திறந்து வைக்க வேண்டும் என்பது குப்பத்து மக்களின் நீண்ட நாள் கோரிக்கை.

நீங்கள் போவதானால்

கார்த்திகைக்கு மேல் மாசிக்குள் போங்கள். வெயில் தெரியாது, பறவையும் இருக்கும். குடிதண்ணீரும் குழந்தைகளுக்குத் தொப்பியும் எடுத்துப் போங்கள். யாராவது படகில் கூப்பிட்டால் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை போட்டதும் அதனால்தான். கரையிலிருந்தே கண் நிறையப் பார்க்கலாம்.

ஓலைப் பெட்டியை முடைகிறவர் கையிலிருந்தே வாங்குங்கள், பேரம் பேசாமல். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒரு தடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறதே, நவராத்திரிக்கும் வளைகாப்புக்கும் தாம்பூலம் வைத்துக் கொடுக்க இதைவிட லட்சணமான பொருள் ஏது? மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் வாரம் ஒரு தடவை வெயிலில் காட்டினால் போதும், பல வருஷம் உழைக்கும். என் வீட்டில் பூண்டு ஒரு பெட்டியில், வெங்காயம் ஒரு கூடையில். காற்றாட இருப்பதால் இரண்டுமே சீக்கிரம் அழுகுவதில்லை.